நாலு ஃபர்னிச்சர்ஸ்!

1994-ல் நடந்தது. வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது மாதம். ஆறு மாதம் முடிந்தால்தான் நிரந்தரம். அதுவரை ஆபீஸ் பியூன்கூட நம்மை உட்காரச் சொல்ல மாட்டார். சொன்னாலும் உட்கார நாற்காலி கிடையாது. விஷயமே அதுதான்!

"தம்பி, நீங்கதான் பி.காம். ஆச்சே! ஹெட் ஆபீசுக்கு ஒரு லெட்டர் போடுங்க" என்றார் மானேஜர். போட்டேன். 'கைண்ட்லி சென்ட் ஃபோர் ஃபர்னிச்சர்ஸ். அதர் இன்ஃபர்மேஷன்ஸ் வில் ஃபாலோ. யுவர் அட்வைசஸ் ஆர் சொலிசிட்டட்.' எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. நாற்காலி இல்லை, லெட்டர்தான்! மூன்று 'எஸ்'களைச் சுற்றியும் சிவப்பு மையில் வட்டம். ஓரத்தில், 'எழுதியவர் யார்? நிரந்தரம் ஆனவரா?' என்று ஒரு கேள்வி. வயிற்றில் புளியைக் கரைத்தது.

எங்கள் ஹெட் கிளார்க் ரிட்டயராக இரண்டு வருஷம் பாக்கி. என்னைக் கேன்டீனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"நவுன் எத்தனை வகைப்பா?"

"அஞ்சு சார். மதுரை ப்ராப்பர், ஊர் காமன், கூட்டம் கலெக்டிவ், தங்கம் மெட்டீரியல், பயம் அப்ஸ்ட்ராக்ட்." அடி வாங்கி மனப்பாடம் செய்தது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

"பயம்தான் மூஞ்சியிலேயே தெரியுதே! அஞ்சும் சரி. ஆனா ஆபீஸ்ல அதைவிட முக்கியம் இன்னொண்ணு இருக்கு. எண்ணக்கூடிய பேரா, எண்ணக்கூடாத பேரா?"

"நாற்காலியை எண்ணலாமே சார்?"

"நாற்காலியை எண்ணு, யார் வேணாம்னா? சேர்ஸ்! ஆனா ஃபர்னிச்சர்ங்கறது மொத்த சாமானுக்கும் சேர்த்து ஒரு பேர். வெள்ளைக்காரன் அதை அரிசி மாதிரி நினைக்கிறான். கடையில 'நாலு அரிசி குடுங்க'ன்னா கேப்பே? நாலு கிலோம்பே. அது மாதிரி, நாலு பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர். எஸ்ஸு பீசுக்குத்தான், ஃபர்னிச்சருக்கு இல்லே."

நான் விடவில்லை. "சம்பளத்தன்னிக்குப் பணத்தை எண்ணறோமே சார்?"

"மணியும் எண்ணக்கூடாததுதான். நீ எண்றது ரூபாயை!"

என் சம்பளத்தை நினைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது.

தப்பு நம் மேல் மட்டும் இல்லை. தமிழில் பெயர்ச்சொல் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறு வகை. எண்ணலாமா, கூடாதா என்று அதில் யாரும் பிரிக்கவில்லை. 'தகவல்கள்', 'அறிவுரைகள்' என்று தாராளமாகச் சொல்கிறோம். இங்கிலீஷில் அவற்றுக்கு 'எஸ்' கூடாது. நாம் 'நாலு நாற்காலி' என்று 'கள்'ளை விட்டுவிடுகிற இடத்தில் அவன் 'எஸ்' கட்டாயம் என்கிறான். வம்புக்கென்றே செய்த மாதிரி இல்லை?

லக்கேஜ், எக்விப்மென்ட், மெஷினரி, ஹோம்வொர்க் எல்லாம் இந்தக் கோஷ்டிதான். நியூஸ் ஒரு போக்கிரி. வாலில் எஸ் இருந்தும் ஒருமை. பயோடேட்டாவில் 'மூன்று வருட எக்ஸ்பீரியன்ஸ்' என்றால் எஸ் போடாதீர்கள். வேலைக்குப் போன இடங்களில் பட்ட அனுபவங்களைக் கதையாகச் சொன்னால் தாராளமாகப் போடலாம். ஹேர் இன்னும் வேடிக்கை. தலையில் இருக்கும்வரை எண்ணக்கூடாது. கேன்டீன் சாம்பாரில் ஒன்று கிடந்தால் அது 'எ ஹேர்'. எண்ணிக்கொள்ளலாம்!

அன்றைக்கே லெட்டரைத் திருத்தி அனுப்பினேன். இந்த முறை 'ஃபோர் சேர்ஸ்'. வந்தது மூன்று. நாலாவதைப் பற்றிக் கேட்கும் தைரியம் எங்கள் ஆபீசில் யாருக்கும் இல்லை. அடுத்த மாதம் நிரந்தர ஆர்டரும் வந்துவிட்டது.

ஆனால் அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. "டேய் ஃபர்னிச்சர்ஸ், டீ சாப்பிட வர்றியா?" என்று செக்ஷன் முழுக்கக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஹெட் கிளார்க்கிடம் புகார் செய்தேன்.

"ஒரே ஆளுக்கு வெச்ச பேரு. அதனால இப்ப அது ப்ராப்பர் நவுன். எஸ் இருந்துட்டுப் போகட்டும், தப்பே இல்லே" என்று சொல்லிவிட்டு, புது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.