இறந்தவர் கடனும் இருப்பவர் கையெழுத்தும்

தந்தை பட்ட கடனை மகன் அடைத்தே தீர வேண்டும் என்பது, சட்டப் புத்தகத்தைக் கண்ணால் காணாதவர் உள்ளத்திலும் ஊறிக் கிடக்கும் எண்ணம். ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தில்லி விடுதியில் தங்கிப் படிக்கும் நமக்கு, வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால் துக்கம் ஒருபுறம். ‘இனிப் படிப்பு என்ன ஆகும்? கடன்காரருக்கு யார் பதில் சொல்வது?’ என்ற அச்சம் மறுபுறம். அந்த அச்சத்தாலேயே படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர்களை நான் அறிவேன். சட்டம் பயிலும் மாணவன் என்ற முறையில், இது பற்றி நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

அந்த எண்ணம் வெறும் கற்பனையன்று. கடனோடு இறந்தவனுக்கு மறுமையில் துன்பம் உண்டு. அதிலிருந்து அவனை மீட்பது மகனின் அறம் என்று பழைய தருமசாத்திரங்கள் கூறின. சூதாடியும் குடித்தும் பட்ட கடன் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்துக் கோர்ட்டுகள் இந்த அறத்தையே சட்டமாக்கின. தந்தை தவறான காரியத்துக்கன்றி வாங்கிய கடனுக்கு மகனின் பங்கையும் சேர்த்துக் குடும்பச் சொத்து முழுவதையும் கடன்காரர் பற்றலாம் என்பதை, பிரிஜ் நாராயண் வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் உறுதி செய்தது. அப்போதும் மகனின் பிதுரார்ச்சிதப் பங்குதான் சிக்கியதே தவிர, அவனுடைய சொந்தச் சம்பாத்தியம் சிக்கவில்லை.

இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 2005இல் வந்த திருத்தத்தைப் பெண்களுக்குச் சமபங்கு தந்த திருத்தம் என்றே யாவரும் அறிவர். அதே திருத்தத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. 2005 செப்டம்பர் 9க்குப் பின் வாங்கிய கடனுக்காக, ‘மகன் என்ற அறக்கடமை’ ஒன்றையே காரணமாகக் காட்டி மகன் மீதோ பேரன் மீதோ கொள்ளுப்பேரன் மீதோ நடவடிக்கை எடுக்கும் உரிமையைக் கோர்ட்டு ஏற்காது. இரத்த உறவினால் வந்த கடன் அன்றோடு ஒழிந்தது.

அப்படியானால் கடன் கொடுத்தவர் கதி? அவர் இறந்தவருடைய சொத்தைத் தொடரலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, இறந்தவரின் சொத்தில் வாரிசின் கைக்கு எவ்வளவு வந்து சேர்ந்ததோ, அந்த அளவுக்கே வாரிசு பொறுப்பாளி. விட்டுச் சென்றது ஆறு லட்சம், கடன் எட்டு லட்சம் என்றால், ஆறு லட்சத்தோடு சரி. மீதி இரண்டு லட்சம் கடன் கொடுத்தவரின் நட்டம். இந்தப் பிரிவு எல்லா மதத்தவர்க்கும் பொது. முஸ்லிம் சட்டமும் கடனைத் தீர்த்த பிறகே பங்கு பிரிக்கச் சொல்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பா இறந்தார். நெல்லைப் பக்கம் ஒரு சிற்றூரில் தையற்கடை வைத்திருந்தவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் ஒருவர் புரோநோட்டோடு வந்துவிட்டார். மூன்று லட்ச ரூபாய் நோட்டு. என் அண்ணனை அருகே அழைத்து, “தம்பி, உங்களை நான் நெருக்கவில்லை. ஒரு நூறு ரூபாயைக் கொடுத்து நோட்டுக்குப் பின்னால் வரவு வைத்து ஒரு கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் உங்கள் பெயரிலேயே புது நோட்டாக மாற்றிக்கொள்வோம்” என்றார். குரலில் தேன் ஒழுகியது. அண்ணன் எனக்குத் தொலைபேசி செய்தார். நான் முதலில் கேட்டது நோட்டின் தேதியை. மூன்றாண்டு முடிய இன்னும் நாற்பது நாளே இருந்தது.

அன்பர்கள் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம். அந்தக் கெடுவுக்குள் ஒரு சிறு தொகையைக் கட்டிக் கையெழுத்திட்டாலும், கடன் உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாலும், அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டு ஓடத் தொடங்கும். நூறு ரூபாயின் பொருள் இதுதான். புது நோட்டோ இதைவிடக் கொடியது. அதில் கையெழுத்திட்ட கணமே அது பெரியப்பாவின் கடனாக இல்லாமல் அண்ணனின் சொந்தக் கடன் ஆகிவிடும். ஆறு லட்சம், எட்டு லட்சம் என்ற கணக்கெல்லாம் அப்போது பயன்படாது. அவருடைய சம்பளம் வரைக்கும் கடன்காரர் கை நீளும். கெடு தாண்டிய கடனையும் ‘கட்டுகிறேன்’ என்று எழுத்தில் உறுதி கூறினால், அதைப் புது ஒப்பந்தமாகக் கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் தருகிறது. கைப்பேசியில் இரக்கப்பட்டு அனுப்பும் செய்தியிலும் எச்சரிக்கை வேண்டும்.

அண்ணன், “நோட்டின் நகலைக் கொடுங்கள், கணக்குப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று பணிவாகச் சொல்லிவிட்டார். வந்தவர் கெடு முடியுமுன் வழக்குத் தொடுத்தார். அது அவர் உரிமை. டிக்ரி பெரியப்பாவின் சொத்தின் மீது ஆயிற்று. அண்ணனின் சம்பளத்தின் மீது அன்று.

இதனால் நம்பிக் கொடுத்தவனை ஏமாற்றச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டா. தந்தை பெயர் நிலைக்க வேண்டும் என்று ஒரு மகன் தன் உழைப்பிலிருந்து கடனைத் தீர்த்தால் அவனை நான் வணங்குவேன். தீர்ப்பவன் ரசீது வாங்கித் தீர்க்கட்டும். புது நோட்டு எழுதித் தர வேண்டா.

வாரிசுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. கைக்கு வந்த சொத்து என்ன ஆயிற்று என்று கோர்ட்டு கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். வண்டியை விற்றோம், பணம் செலவாகிவிட்டது என்றால், அந்த மதிப்புக்கு நம் சொந்தப் பணத்திலிருந்து ஈடு செய்ய நேரும். ஆகவே பங்கு பிரிக்குமுன் சொத்தையும் கடனையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது நலம். இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையைக் கொண்டு பணம் எடுப்பது வேண்டவே வேண்டா.

எதை முதலில் தீர்ப்பது? உயிலை நிறைவேற்றுவோருக்கும் கோர்ட்டு அமர்த்தும் நிர்வாகிகளுக்கும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் ஒரு வரிசை வகுத்திருக்கிறது. ஈமச் செலவும் கடைசி நோய்க்கான மருத்துவச் செலவும் முதலில்; பிறகு கோர்ட்டுச் செலவு; அதன்பின் தொழிலாளி, கைவினைஞர், வீட்டு வேலையாள் ஆகியோரின் கடைசி மூன்று மாதக் கூலி. மற்றக் கடன்களெல்லாம் அதற்குப் பிறகே. பெரியப்பா கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த பையனுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அவன் வாயே திறக்கவில்லை. எங்கள் பெரியம்மா தாமாகவே அவனை அழைத்துக் கொடுத்தார். சட்டத்தின் வரிசையை அவர் எங்கே படித்தார் என்று தெரியவில்லை!

கடன்காரர் தொட முடியாதவையும் உண்டு. பிராவிடண்டு பண்டில் நியமனதாரருக்கு வந்து சேரும் தொகை இறந்தவரின் கடனுக்குக் கட்டுப்படாது என்று சட்டமே சொல்கிறது. மனைவியின் சொந்த நகையும் அவர் தம் பணத்தில் வாங்கிய வீடும் கணவர் சொத்தல்ல. நகைக் கடன் வேறு வகை: பொருள் பாங்கியின் கையில் இருக்கிறது. ஏலம் விட்டால், கடன் போக மிஞ்சும் தொகை வாரிசுகளுக்குரியது. கேட்காமல் விட்டுவிடும் குடும்பங்களே மிகுதி.

ஜாமீன் போட்டவர் நிலைதான் இரங்கத்தக்கது. கடன் வாங்கியவர் இறந்தாலும் அவர் பொறுப்பு குறையாது. சேர்ந்து கடன் வாங்கியவர்க்கும் அவ்வாறே. நம்மில் பலர் படிப்புக்காகப் பாங்கிக் கடன் வாங்கியிருக்கிறோம். அதில் தந்தையோ தாயோ கூட்டாகக் கையெழுத்திட்டிருப்பார்கள். அவர் இறந்தால் கடன் முழுவதும் நம் தலையில். நாம் இறந்தால் முழுவதும் அவர் தலையில். கடனோடு காப்பீடும் சேர்ந்திருக்கிறதா என்பதை அந்தத் தாள்களை எடுத்து இன்றே பார்த்துவிடுங்கள்.

பாங்கியின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் பாங்கி 2022இல் ஆணையிட்டது. கோர்ட்டுச் சம்மன் வந்தால் மட்டும் பேசாதிருக்கக் கூடாது. பதில் மனுவுக்குப் பொதுவாக முப்பது நாள் கெடு. அதற்காக இங்கிருந்து இரயிலேற வேண்டியதில்லை. ஊர் வக்கீலுக்கு வக்காலத்து அனுப்பினால் போதும். 1987ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவசமாக வக்கீல் கிடைப்பார். வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்துத்தான் பெரியம்மா தம் வழக்கை நடத்தினார்.