பால்வாடிக்கும் சிவில் உரிமைக்கும் என்ன சம்பந்தம்?

1966 பிப்ரவரி. வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கல்விக் குழு கூடும் அறைக்குள், மிசிசிப்பி மாநிலத்திலிருந்து பஸ்ஸில் வந்த நாற்பது சொச்சம் கறுப்பினக் குழந்தைகள் நுழைந்தார்கள். கூடவே அவர்களுடைய ஆசிரியைகள். பொம்மை, வண்ணம், பாட்டு என்று அறையைக் கொஞ்ச நேரம் வகுப்பறையாகவே மாற்றிவிட்டார்கள். நிறுத்தி வைத்திருக்கும் பணத்தை எங்கள் மழலைப் பள்ளிகளுக்குக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அந்த மாதமே 56 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது.

நாலு வயதுப் பிள்ளைகள் பாடி, விளையாடி, சாப்பிட்டுத் தூங்கும் இடம் அது. அதை முடக்க ஒரு செனட்டரே முன்னின்று வேலை பார்த்தார். குழந்தைகள் மீது அவருக்கு என்ன கோபம் இருந்திருக்க முடியும்? அந்தப் பள்ளிகளை யார் நடத்தினார்கள் என்பதுதான் அவரை உறுத்தியது.

'ஹெட் ஸ்டார்ட்' என்ற இந்தத் திட்டத்தை நம் ஊர் பால்வாடிக்குத் தூரத்துச் சொந்தம் எனலாம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளியில் சேருமுன் எட்டு வாரம் பாடம், சூடான சாப்பாடு, மருத்துவப் பரிசோதனை, பல் வைத்தியம் என்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் அரசு 1965 கோடையில் தொடங்கியது. முதல் கோடையிலேயே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சேர்ந்தார்கள். சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறி அப்போது ஏறத்தாழ ஓராண்டுதான் ஆகியிருந்தது. மத்திய அரசின் பணத்தைப் பெறும் எந்தத் திட்டமும் இனம், நிறம், பூர்வீக நாடு பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது அதன் ஆறாம் பகுதி. ஆக, ஹெட் ஸ்டார்ட் பிறக்கும்போதே அந்த நிபந்தனையோடுதான் பிறந்தது.

மிசிசிப்பியில் அந்த நிபந்தனையை யார் மதித்தார்கள்? கறுப்பினப் பிள்ளைகள் முதன்முதலாக வெள்ளையர்களின் அரசுப் பள்ளிக்குள் கால் வைத்ததே 1964-இல்தான். அதுவும் இரண்டு மூன்று ஊர்களில், ஒன்றாம் வகுப்பில் மட்டும். ஏழ்மை ஒழிப்புப் பணத்தைத் தடுக்கும் அதிகாரம் மாநில ஆளுநருக்கு இருந்தது (அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, தேர்தலில் ஜெயித்து வருபவர்). ஆனால் கல்லூரிகளுக்கு நேரே போகும் பணத்தில் அவர் கை வைக்க முடியாது. அந்தச் சந்தில் நுழைந்து, மேரி ஹோம்ஸ் என்ற சிறிய கறுப்பினக் கல்லூரியின் பெயரில் ஏறத்தாழ 15 லட்சம் டாலர் மாநிலத்துக்குள் வந்து சேர்ந்தது. வாங்கிச் செலவழித்தது 'மிசிசிப்பி குழந்தை வளர்ச்சிக் குழு'. முன்னின்று நடத்தியவர் நியூயார்க்கிலிருந்து வந்த உளப்பகுப்பாய்வாளர் டாம் லெவின்.

80-க்கும் மேற்பட்ட மையங்கள், சுமார் 6,000 குழந்தைகள். பெரும்பாலும் தேவாலயக் கட்டடங்கள். சுவரில் பூசிய வண்ணம் முதல் உட்கார்ந்த பலகை வரை ஊர்க்காரர்கள் செய்து கொடுத்தவை. பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் பலர் பருத்திக் காட்டில் வேலை செய்த பெண்கள், வெள்ளையர் வீடுகளில் சமைத்தும் துவைத்தும் வயிறு கழுவியவர்கள். பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அவர்களில் குறைவு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனதற்காக வேலையை இழந்தவர்களும் இருந்தார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த சம்பளத்தைக் கவனிக்க வேண்டும். மிசிசிப்பி டெல்டாவில் காலை முதல் மாலை வரை பருத்திக் காட்டில் களை கொத்தினால் அப்போது கூலி 3 டாலர். மழலைப் பள்ளி ஆசிரியை வேலை அதைவிடப் பல மடங்கு கொடுத்தது. அதைவிட முக்கியம், அது பண்ணையார் கையிலிருந்து வராத பணம். ஓட்டுப் போட்டாலும், கூட்டத்துக்குப் போனாலும், பிள்ளையை வெள்ளையர் பள்ளியில் சேர்த்தாலும் அந்த வேலையைப் பண்ணையார் பறிக்க முடியாது. ஒரு மாநிலத்தின் அதிகார அடுக்கே அடுத்த வேளைச் சோற்றுக்கான பயத்தின் மேல் நிற்கும்போது, அந்தப் பயம் போனால் என்ன ஆகும் என்பது ஆண்டவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இடம் கொடுத்த தேவாலயங்களுக்கு மிரட்டல் வந்தது. தீ வைத்தார்கள், சுட்டார்கள்.

செனட்டர் ஜான் ஸ்டெனிஸ் கண்ணியமான வழியில் போனார். நிதி ஒதுக்கும் குழுவில் அவருக்கு இருந்த செல்வாக்கைக் கொண்டு அந்தக் கோடையிலேயே விசாரணைக்கு ஆள் அனுப்பினார். கணக்கு சரியில்லை, அரசுப் பணம் போராட்டக்காரர்களுக்குப் போகிறது என்பது குற்றச்சாட்டு. கணக்கில் குளறுபடி இருந்தது உண்மைதான். பெரிய தொகையைக் கையாண்டே பழகாதவர்கள், சில வாரங்களில், ஒரு மாநிலம் முழுக்கத் தொடங்கிய காரியம் அது. ஆனால் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்குச் சேர வேண்டிய பணத்தைத் தலைமுறை தலைமுறையாக வெள்ளையர் பள்ளிகளுக்குத் திருப்பிவிட்ட மிசிசிப்பியின் கணக்கை இப்படிப் புரட்டிப் பார்க்க எந்த செனட்டருக்கும் தோன்றவில்லை.

குழந்தைகள் வாஷிங்டன் போய்ப் பணம் பெற்ற அதே 1966-இல், இலையுதிர் காலத்தில் மிசிசிப்பி குழந்தை வளர்ச்சிக் குழுவுக்கு மறுபடியும் நிதி நிறுத்தப்பட்டது. வறுமை ஒழிப்புத் துறையின் தலைவர் சார்ஜன்ட் ஷ்ரைவர், மிதவாதிகளைக் கொண்ட வேறொரு அமைப்புக்குப் பணத்தைத் திருப்பினார். அதிலும் கறுப்பினத் தலைவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். எதிர்ப்பாளர்கள் நியூயார்க் டைம்ஸில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து, இது பொய் என்று சொல்லுங்கள் என ஷ்ரைவரைப் பெயர் சொல்லியே கேட்டார்கள். நிதியில் ஒரு பகுதி திரும்பி வந்தது. ஆனாலும் ஓரிரு ஆண்டுகளில் அந்தக் குழு கரைந்துபோனது. குழந்தைகளுக்குச் சாப்பாடும் பாடமும் தொடர்ந்தன. ஊர்ப் பெண்கள் தாங்களே முடிவெடுத்த அந்த அதிகாரம்தான் பறிபோனது. ஷ்ரைவர் நல்ல எண்ணம் உடையவர் என்று எழுதாத வரலாற்றாசிரியர் குறைவு. நல்ல எண்ணத்தோடு செய்த சமரசத்துக்கும் விலை கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்தான்.

குழுவுக்காக வாதாடிய மரியன் ரைட், மிசிசிப்பியில் வழக்கறிஞராகப் பதிவு செய்த முதல் கறுப்பினப் பெண். பின்னாளில் மரியன் ரைட் எடல்மன் என்ற பெயரில் நாடறிந்தவர். 1973-இல் குழந்தைகள் பாதுகாப்பு நிதியம் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஹெட் ஸ்டார்ட் மையங்களின் கொள்கைக் குழுவில் இன்றும் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. பெற்றோர் கையில் பொறுப்பைக் கொடுத்தால் நடத்திக் காட்டுவார்கள் என்பதை மிசிசிப்பியைவிடத் தெளிவாக நிரூபித்த இடம் வேறில்லை.

பலன் இருந்ததா? 1965-இல் நாட்டின் மிக ஏழையான 300 கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் மாதிரி) மட்டும் விண்ணப்பம் எழுத அரசே உதவி செய்தது. அந்தப் பட்டியலில் சற்றே உள்ளே இருந்த கவுண்டிகளையும் சற்றே வெளியே நின்ற கவுண்டிகளையும் பொருளியலாளர்கள் லுட்விக், மில்லர் இருவரும் பல ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டார்கள். தடுப்பூசியும் பரிசோதனையும் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் 5 முதல் 9 வயதுக்குள் இறந்த குழந்தைகள், உதவி கிடைத்த கவுண்டிகளில் கணிசமாகக் குறைவு. 2007-இல் வெளியான ஆய்வு இது.

கதவு திறந்த பிறகு பாகுபாடு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. 2014-இல் அமெரிக்கக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகம், முதன்முறையாக மழலை வகுப்புகளிலும் யார் யார் சஸ்பெண்ட் செய்யப்படுகிறார்கள் என்ற நாடு தழுவிய கணக்கை வெளியிட்டது. நான்கு வயதுப் பிள்ளையை சஸ்பெண்ட் செய்வதா என்று நமக்குக் கேட்கத் தோன்றும். செய்கிறார்கள். அரசுப் பள்ளிகளின் மழலை வகுப்புகளில் கறுப்பினப் பிள்ளைகள் 18 சதவீதம். ஒரு தடவைக்கு மேல் சஸ்பெண்ட் ஆனவர்களில் அவர்கள் 48 சதவீதம்.

இதற்கு முன்பே யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம், மழலை வகுப்பிலிருந்து நிரந்தரமாக வெளியேற்றப்படும் விகிதம் பெரிய பிள்ளைகளின் பள்ளிகளைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்று 2005-இல் காட்டியிருந்தார். 2016-இல் அவருடைய குழு இன்னொன்றைச் சோதித்தது. நான்கு பிள்ளைகள் விளையாடும் காணொளியை ஆசிரியர்களிடம் காட்டி, யாராவது தொந்தரவு செய்கிறார்களா பாருங்கள் என்றது. தொந்தரவு எதுவும் அதில் கிடையாது. கண் அசைவைப் பதிவு செய்த கருவியோ, பார்வை கறுப்பினச் சிறுவன் மேல்தான் அதிகம் தங்கியது என்றது. ஆசிரியர்களைத் திட்டுவதற்கான ஆதாரமாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பழுதைத் தேடச் சொன்னால் கண் தானாகவே எங்கே போகிறது என்பதுதான் இதில் தெரிகிறது. நடத்தைப் பிரச்சினைக்கு ஆலோசகரை அழைக்கும் வசதி இருந்த வகுப்புகளில் வெளியேற்றம் குறைவாக இருந்தது என்பதும் கில்லியமின் 2005 ஆய்விலேயே இருக்கிறது. தீர்வு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பணம் வேண்டும், அவ்வளவுதான்.

ஏட்டில் ஏறாத வெளியேற்றமும் உண்டு. 'இன்றைக்குச் சீக்கிரம் வந்து கூட்டிப்போங்கள்' என்று வாரம் மூன்று தடவை போன் வந்தால், கூலி வேலைக்குப் போகும் தாய் எத்தனை நாள் தாங்குவாள்? வேலையை விடுவாள், அல்லது பிள்ளையை நிறுத்துவாள். 2016-இல் ஹெட் ஸ்டார்ட் தன் விதிகளில் நடத்தையைக் காரணம் காட்டிப் பிள்ளையை நீக்குவதைத் தடை செய்தது. தனியார் காப்பகங்கள் பலவற்றை அந்த விதி தொடுவதில்லை.

மாற்றுத்திறன் குழந்தைகளின் கதை கொஞ்சம் மேல். ஹெட் ஸ்டார்ட் இடங்களில் குறைந்தது 10 சதவீதம் அவர்களுக்கு என்று 1972-லேயே சட்டம் வந்தது. 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் தனியார் காப்பகங்களையும் கட்டுப்படுத்துகிறது. மத அமைப்புகள் நடத்துபவற்றுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கு சின்னதல்ல. தேவாலயக் காப்பகங்கள் அங்கே ஏராளம்.

2025-க்கு வருவோம். மார்ச் மாதம், கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்துடைய 12 வட்டாரக் கிளைகளில் 7 மூடப்பட்டன. சஸ்பெண்ட் கணக்கை வெளியே கொண்டுவந்தது இதே அலுவலகம்தான். ஏப்ரலில் ஹெட் ஸ்டார்ட்டின் 10 வட்டார அலுவலகங்களில் 5 மூடப்பட்டன. ஜூலையில், ஆவணமில்லாத குடியேறிகளின் பிள்ளைகளுக்கு ஹெட் ஸ்டார்ட்டில் இடமில்லை என்று சுகாதாரத் துறை அறிவித்தது. அதுவரை அங்கே யாரும் குடியுரிமைக் காகிதம் கேட்டதில்லை. செப்டம்பரில் மத்திய நீதிமன்றங்கள் அந்த அறிவிப்புக்குத் தடை விதித்தன. 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பகுதி இன்றும் அமலில் இருக்கிறது. அதன் பேரில் தரும் புகாரை வாங்கி விசாரிக்க ஆள் வேண்டும். அந்த ஆட்களைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.