கையடக்கக் கணினியை வெல்ல வைத்தது எது?

மேசைக் கணினியில் மட்டுமே ஓடும் என்று எண்ணியிருந்த பெரிய வீடியோ கேம்களை இன்று இரு கைகளில் பிடித்து விளையாட முடிகிறது. நடுவில் ஏழெட்டு அங்குலத் திரை, இரு பக்கமும் பொத்தான்களும் ஜாய்ஸ்டிக்கும், உள்ளே முழுமையான ஒரு கணினி. இதைத்தான் கையடக்க கேமிங் கணினி என்கிறோம். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரி இறுதியில் ஸ்டீம் டெக் கருவியை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அசூஸ், லெனோவா, எம்எஸ்ஐ ஆகியவையும் களத்தில் இறங்கின. இவற்றின் விளம்பரங்கள் சிப்பின் வேகத்தையும் திரையின் கூர்மையையும்தான் முன்னே வைக்கின்றன. ஆனால் இந்தக் கருவிகள் சந்தையில் நிலைபெற்றதற்கு வேகமான சிப் முதன்மைக் காரணமில்லை. ஒரு இயங்குதளத்துக்காக எழுதிய விளையாட்டை இன்னொரு இயங்குதளத்தில் ஓட வைத்த மென்பொருள் உழைப்புதான் காரணம். கருவி வாங்க நினைப்பவரும் இந்தத் துறையைக் கவனிப்பவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

சிறிய உடலுக்குள் கணினியை அடைப்பது 2022இல் பிறந்த யோசனை அல்ல. சீனாவின் ஜிபிடி நிறுவனம் 2016இலேயே பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி, ஐந்தரை அங்குலத் திரையும் குட்டி விசைப்பலகையும் கொண்ட ‘ஜிபிடி வின்’ கருவியை வெளியிட்டது. அதில் விண்டோஸ் ஓடியது; விளையாட்டுகளும் ஓடின. இருந்தும் அது ஆர்வலர்களின் வட்டத்தைத் தாண்டவில்லை. வால்வுக்கும் ஒரு தோல்வி உண்டு. அதன் தலைவர் கேப் நியூவெல், விண்டோஸ் 8 கணினித் துறைக்கே பேரிடர் என்று 2012இல் வெளிப்படையாகச் சொன்னார். கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் வால்வின் ‘ஸ்டீம்’ கடை முழுவதும் மைக்ரோசாஃப்டின் தளத்தின்மேல் நிற்பதை அவர் ஆபத்தாகப் பார்த்தார். அதற்கு மாற்றாக லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளத்தில் ஓடும் ‘ஸ்டீம் மெஷின்’ கணினிகள் 2015இல் வந்தன. பல நிறுவனங்கள் தயாரித்தும் அவை விலைபோகவில்லை. சிப்புகள் போதிய வேகத்தோடுதான் இருந்தன. விளையாட்டுகள்தான் இல்லை. விண்டோஸுக்காக எழுதிய ஆயிரக்கணக்கான விளையாட்டுகளில் சிறு பகுதியே லினக்ஸுக்கு வந்திருந்தது. மீதியையும் மாற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டால், வாடிக்கையாளரே இல்லாத தளத்துக்கு எந்த நிறுவனம் செலவு செய்யும்?

அந்த முடிச்சை அவிழ்த்தது 2018 ஆகஸ்டில் வால்வ் வெளியிட்ட புரோட்டான் என்ற மென்பொருள். அதன் வேர் 1993இல் தன்னார்வலர்கள் தொடங்கிய வைன் திட்டத்தில் இருக்கிறது. விண்டோஸும் லினக்ஸும் ஓடுவது ஒரே வகைச் சிப்பில்தான் என்பதால், விளையாட்டின் கணக்கு வேலைகளைச் சிப் நேரடியாகவே செய்துவிடும். சிக்கல், விளையாட்டு இயங்குதளத்திடம் வைக்கும் கோரிக்கைகளில்தான். இந்தக் கோப்பைத் திற, இந்த ஒலியை எழுப்பு, இந்த முக்கோணத்தைத் திரையில் வரை என்று அது விண்டோஸின் மொழியில் கேட்கும். புரோட்டான் நடுவில் துபாஷிபோல நின்று, ஒவ்வொரு கோரிக்கையையும் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் வரைகலைக் கட்டளைகளை வல்கன் என்ற திறந்த தரத்துக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே இதன் முக்கிய உறுப்பு. அது ஒரு தனி நிரலாளர் தொடங்கிய வேலை. இதன் பயன் பெரிது: விளையாட்டை உருவாக்கியவர் பெரும்பாலும் ஒரு வரிகூட மாற்றி எழுத வேண்டியதில்லை. மக்கள் பல ஆண்டுகளாக ஸ்டீம் கடையில் வாங்கிச் சேர்த்த விளையாட்டுகளில் பல, புதிய கருவி வந்த நாளிலேயே அதற்கும் உரியவை ஆயின. முந்தைய கருவியின் விளையாட்டுகள் ஓடாத புதிய கருவியை நின்டெண்டோவோ சோனியோ விடும்போது, அதற்கென்றே விளையாட்டுகள் உருவாகிச் சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்டீம் டெக்குக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

வன்பொருள் பொருட்டே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் வெற்றி தந்தது அடக்கம்தான். மேசைக் கணினியில் போடும் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 வரைகலை அட்டை மட்டுமே 450 வாட் வரை மின்சாரம் இழுக்கும். ஸ்டீம் டெக்கின் சிப்புக்கு உச்ச வரம்பு 15 வாட். இவ்வளவு குறைந்த மின்சாரத்தில் புதிய விளையாட்டுகள் எப்படி ஓடுகின்றன? விடை திரையில் இருக்கிறது. அதன் 1280 × 800 திரையில் ஏறத்தாழ 10 லட்சம் புள்ளிகள். 4கே தொலைக்காட்சியில் 83 லட்சம். ஒவ்வொரு காட்சிக்கும் எட்டில் ஒரு பங்கு புள்ளிகளை வரைந்தால் போதும். ஏழு அங்குலத் திரையில் அந்தக் குறை கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. இதோடு மென்பொருளும் கைகொடுக்கிறது. எல்லா ஸ்டீம் டெக்கிலும் ஒரே வகைச் சிப் என்பதால், காட்சிகளை வரையும் சிறு நிரல்களை வால்வ் முன்கூட்டியே தயாரித்து அனுப்ப முடிகிறது. 2022 பிப்ரவரியில் வந்த ‘எல்டன் ரிங்’ விளையாட்டு சக்திமிக்க விண்டோஸ் கணினிகளிலும் திணறி நின்றபோது, வால்வின் பொறியாளர்கள் தங்கள் கருவியில் அந்தத் திணறலை வெகுவாகக் குறைத்தார்கள்.

அதிக வேகச் சிப்பும் கூர்மையான திரையும் இருந்தால் வெல்லலாம் என்ற கணக்கை 2023இல் அசூஸ் சோதித்துப் பார்த்தது. அதன் ‘ஆர்ஓஜி அலை’ கருவி ஸ்டீம் டெக்கைவிட வேகமானது, எடை குறைந்தது. திரையும் 1920 × 1080. ஆனால் அதில் இருந்தது விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் வடிவமைத்த விண்டோஸ் 11. சிறிய திரையில் விரலால் தொட்டுத் திறக்க வேண்டிய பட்டியல்கள், விளையாட்டுக்கு நடுவே குறுக்கிடும் அறிவிப்புகள், உறங்க வைத்து எழுப்பினால் விட்ட இடத்தில் தொடர முடியுமா என்ற ஐயம் என மதிப்புரைகளில் குறைகள் திரும்பத் திரும்ப வந்தன. இன்னும் தெளிவான சான்று 2025இல் கிடைத்தது. லெனோவா தன் ‘லீஜியன் கோ எஸ்’ கருவியை விண்டோஸுடனும், ஸ்டீம் டெக்கில் ஓடும் லினக்ஸ் அடிப்படையிலான வால்வின் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸுடனும் தனித்தனியே விற்றது. ஒரே வன்பொருளில் இரண்டையும் ஏற்றிப் பார்த்த சோதனைகளில், விண்டோஸுக்காகவே எழுதிய விளையாட்டுகள் பலவும் ஸ்டீம்ஓஎஸ்ஸில் கூடுதல் வேகத்தோடு ஓடின. அதே ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்டும் அசூஸும் சேர்ந்து வெளியிட்ட ‘எக்ஸ்பாக்ஸ் அலை’யில், தேவையற்ற பகுதிகளை ஏற்றாமல் நேரே விளையாட்டுத் திரைக்குச் செல்லும் வசதி முதன்மைச் சிறப்பாக இடம்பெற்றது. சிக்கல் மென்பொருளில் இருக்கிறது என்பதற்கு விண்டோஸை உருவாக்கியவர்களே தந்த ஒப்புதலாக இதைக் கொள்ளலாம்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. புரோட்டானின் மொழிமாற்றம் எல்லா விளையாட்டுக்கும் பலிக்கவில்லை என்பது முதல் மறுப்பு. அது உண்மை. ஃபோர்ட்நைட், வேலரன்ட் போன்ற இணையப் போட்டி விளையாட்டுகள் ஸ்டீம்ஓஎஸ்ஸில் ஓடுவதில்லை. ஏமாற்றுவோரைப் பிடிக்க அவை வைத்திருக்கும் காவல் நிரல்கள் லினக்ஸை நம்ப மறுக்கின்றன. முன்பு அனுமதித்திருந்த அபெக்ஸ் லெஜண்ட்ஸ்கூட 2024இல் கதவை மூடிவிட்டது. ஆனால் இங்கே தடுப்பது திறமைக் குறைவு அல்ல, அந்தந்த நிறுவனத்தின் முடிவு. வன்பொருள் எவ்வளவு வேகமாக இருந்தாலும் மென்பொருளின் அனுமதி இல்லாவிட்டால் விளையாட்டு ஓடாது என்பதால், இந்த மறுப்பு என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்பது இரண்டாவது கேள்வி. செல்போனின் சிப் வேகமானதுதான். ஆனால் பெரிய கணினி விளையாட்டுகளில் மிகச் சிலவே அதற்கு வந்திருக்கின்றன. இங்கும் இடைவெளி மென்பொருளில்தான்.

மூன்றாவது மறுப்பு கனமானது. வால்வ் என்ன தர்மத்துக்கா இதைச் செய்கிறது? விற்பனையில் பொதுவாக 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும் கடை அது. லினக்ஸில் அது போட்ட பணம் தன் கடையைக் காக்கத்தான். அங்கே வாங்கும் விளையாட்டும் நமக்குச் சொந்தமாவதில்லை, உரிமம் மட்டுமே கிடைக்கிறது என்பதை 2024 முதல் ஸ்டீமே பணம் செலுத்தும் பக்கத்தில் எழுதிக் காட்டுகிறது. இவை அனைத்தும் சரி. ஆனால் ஒரு நிறுவனத்தின் தன்னலம் எந்தத் தடயத்தை விட்டுச் செல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். புரோட்டானின் மூல நிரல் பொதுவில் இருக்கிறது. அதன் பலன் எந்த லினக்ஸ் கணினிக்கும் கிடைக்கிறது. ஸ்டீம் டெக்கை வாங்கியவர் அதில் விண்டோஸை ஏற்றலாம், வேறு கடைகளின் விளையாட்டுகளைப் போடலாம், திருகாணிகளைக் கழற்றிச் சேமிப்பகத்தை மாற்றலாம். உதிரி பாகங்களை ஐஃபிக்சிட் நிறுவனம் விற்கிறது. பூட்டி வைப்பதே வழக்கமான கேமிங் துறையில் இது சிறிய மாற்றமல்ல.

ஆகவே, வாங்க நினைப்பவருக்குச் சில வார்த்தைகள். பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள பொருள் இது. அமெரிக்காவில் 399 டாலரில் தொடங்கிய ஸ்டீம் டெக், அறிமுகமானபோது இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை. ஆர்ஓஜி அலை இங்கே 69,990 ரூபாய்க்கு வந்தது. கனமான விளையாட்டுகளை ஓட்டினால் பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்குவதே கடினம். கடைக்காரர் சிப்பின் பெயரைச் சொல்லும் முன், நீங்கள் விளையாட விரும்பும் ஐந்து விளையாட்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். அவை ஸ்டீம்ஓஎஸ்ஸில் ஓடுமா என்று வால்வே தரும் தரச்சான்றைப் பாருங்கள். போட்டி விளையாட்டுகள்தான் உங்கள் விருப்பம் என்றால் விண்டோஸ் கருவியே சரி. மற்றவர்கள் இயங்குதளத்தை முதலில் தேர்ந்தெடுங்கள்; வேகத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.