ஹோலுக்குள் ஒரு பன்பாய்

ராத்தாவின் மகளுக்குப் போன வருடம் கல்யாணம். நம் கரையோர ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தானே. மாவடிப்பள்ளியில் அவளுக்கென்று கட்டிய வீட்டில் பூச்சு வேலை முடிந்ததும், ஹோலை எப்படி வைப்பதென்று கேட்டுத் தொலைபேசியும் கையுமாக வந்து நின்றாள். இந்தியப் பாரம்பரிய வரவேற்பறை என்று தேடி எடுத்த படங்கள். பித்தளை உருளியில் மிதக்கும் பூக்கள், பொன்தகடு மின்னும் தஞ்சாவூர் ஓவியம், சங்கிலியில் தொங்கும் தேக்கு ஊஞ்சல், கண்ணைப் பறிக்கும் ஆத்தங்குடித் தரை. எல்லாமே அழகு. ஆனால் ஓவியங்களில் பெரும்பாலானவை உருவப் படங்கள். நாம் தொழுகிற ஹோலில் அவற்றை மாட்டமாட்டோம். ஊஞ்சலைத் தாங்கும் உத்தரமும் அந்தக் கூரையில் இல்லை.

“அப்ப நமக்கெண்டு ஒண்டுமில்லையா சாச்சி?” என்றாள்.

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படங்கள் ஏன் மனதைப் பிடிக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஆத்தங்குடிக் கல்லையே எடுங்கள். செட்டிநாட்டில் அதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சீமெந்தை ஊற்றி, அதன்மேல் அவ்வூர் மணலும் சீமெந்தும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். மேல்முகத்தின் வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது. வெயில் கொளுத்தும் ஊரில் வெறுங்காலுக்குக் குளிர்ச்சி தர வேண்டும் என்பதற்காகப் போட்ட தரை அது. அங்கே அது அலங்காரமாகத் தெரிவதற்குக் காரணம், அது தன் வேலையைத் தன் இடத்தில் செய்துகொண்டிருப்பதுதான். அதே கல்லில் நான்கை வாங்கிச் சுவரில் ஒட்டினால் அந்த அழகு வராது. ஆகவே எந்தப் பாரம்பரியப் பொருளை ஹோலுக்குள் கொண்டுவந்தாலும், அது என்ன வேலைக்குப் பிறந்ததோ அந்த வேலைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இந்த அளவுகோலோடு நம் பக்கம் திரும்பினால், முதலில் கண்ணில் படுவது பன்பாய்.

சதுப்பு நிலத்தில் வளரும் பன்னை அறுத்துக் காயவைத்து, ஒரு பகுதியைச் சாயத்தில் அவித்து, கையாலேயே இழைக்கிற பாய் இது. தமிழ்நாட்டில் திருநெல்வேலிக்கு அருகேயுள்ள பத்தமடையிலும் முஸ்லிம் குடும்பங்கள்தாம் தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்கின்றன. அங்கே கோரையைத் தறியில், பருத்தி நூலைப் பாவாக இட்டு நெய்கிறார்கள். பட்டுப்போல மடியும் அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நம் பாயில் தறியும் இல்லை, நூலும் இல்லை. தரையில் குந்தியிருக்கும் ஒரு பெண்ணின் பத்து விரல்கள்தாம் எல்லாம். ஒரு பன் மேலே, ஒரு பன் கீழே என்று குறுக்காக ஓடி, சிவப்பும் பச்சையும் ஊதாவும் கட்டமாக, சரிவாக, நட்சத்திரமாக விரியும். உருவம் இல்லாத கோலம். தொழும் அறைக்கு இதைவிடப் பொருத்தமான வேலைப்பாடு எங்கே கிடைக்கும்?

தறி இல்லாமல் இழைத்தது என்பதை நினைவில் வைத்தால், அதை எப்படிக் கையாள வேண்டும் என்பது தானாக விளங்கும். விளிம்பில் பன்னின் நுனிகளைத் திருப்பி உள்ளே செருகியிருப்பார்கள். பாய் பெரிதாக இருக்கிறதென்று கத்தரித்தால் வெட்டிய இடத்திலிருந்து கழன்றுகொண்டே போகும். சின்னது வேண்டுமானால் சின்னதாகவே இழைக்கச் சொல்ல வேண்டும். மடித்து வைப்பதும் கூடாது. “மடிச்சா முறியும் மகள், சுருட்டி நிப்பாட்டு” என்று மூத்தம்மா சொல்வார். மடித்த கோட்டிலேயே பன் ஒவ்வொன்றாக ஒடியும்.

மாரியில் மாபிள் தரை வியர்க்கும். அப்போது பாயை இரவும் பகலும் விரித்தபடி விட்டால் அடியில் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளிகள் வரும். வெயில் கண்ட காலையில் வெளியே எடுத்துக் காயவிட்டு, உச்சிக்கு முன்னர் சுருட்டிவிடுங்கள். உச்சி வெயில் சாயத்தைத் தின்னும். சுவரில் மாட்டத்தான் ஆசையென்றால், மேல் விளிம்பை இரண்டு மெல்லிய மரச்சட்டங்களுக்கிடையில் பிடித்து, சுவரிலிருந்து அரை அங்குலம் விலகி நிற்கும்படி தொங்கவிடலாம். பின்னால் காற்று ஓட வேண்டும். ஆனாலும் ஒரு பாயாவது தரையில் இருக்கட்டும், ஆட்கள் வந்து உட்காரட்டும்.

அடுத்து துணி. கல்முனையிலிருந்து சிறிது தூரம் வடக்கே போனால் மருதமுனை. கைத்தறிச் சாரனுக்கும் சேலைக்கும் பேர்போன ஊர். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அந்தக் கரையும் வீடுகளோடு அழிந்தது. அதற்குப் பிறகும் தறிச் சத்தம் நின்றுவிடவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அப்படியிருக்க, பளபளக்கும் நைலான் சரிகைத் திரையை ஏன் கொழும்பிலிருந்து சுமந்து வருகிறோம்? பருத்தித் திரை கடற்காற்றை உள்ளே விடும், வெளிச்சத்தை வடிகட்டும், உள்ளே இருக்கும் பெண்களுக்கு மறைப்பாகவும் நிற்கும்.

திரைக்குத் துணி எடுக்கும்போது ஜன்னலின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்காவது எடுங்கள். குறைத்தால் சுருக்கம் விழாமல் பலகைபோல் தொங்கும். தைப்பதற்கு முன்னர் ஒருமுறை ஊறவைத்து அலசிக் காயப்போட வேண்டும். கைத்தறிப் பருத்தி முதல் கழுவலில் சுருங்கும். முதலில் தைத்துவிட்டுப் பிறகு கழுவினால் திரை நிலத்தைவிட்டு மேலே ஏறி நிற்கும். மெத்தையணை உறைகளுக்கும் வேறு துணி தேட வேண்டியதில்லை. கட்டம் போட்ட ஒரு சாரனைப் பிரித்து வெட்டினால் பதினாறு அங்குல உறை நாலு தைக்கலாம். ராத்தாவின் மகள் அப்படித்தான் தைத்தாள். சாம்பல் நிறச் சோபாவில் பச்சைக் கட்டங்கள் ஏறியதும் அந்த ஹோலுக்கு முகம் வந்ததுபோல் இருந்தது.

பித்தளை பற்றி. உருளி நமக்குப் பழக்கமில்லை. வெற்றிலை வட்டாவும் படிக்கமும் பழைய வீடுகளில் இருந்தன. பல குடும்பங்களில் அவை நிறைக்குப் போட்டு விற்கப்பட்டுவிட்டன. உங்கள் வீட்டில் ஒன்று தப்பியிருந்தால், வந்தவர்களை வரவேற்கும் சின்ன மேசையில் வையுங்கள். வட்டா அதற்கென்றே பிறந்தது. வெற்றிலை போடுவோர் இல்லையென்றால் பேரீச்சம்பழம் வைத்துக் கொடுங்கள். கறுத்துப் போயிருந்தால் புளியும் கொஞ்சம் உப்பும் போதும். புளிப்பு மேலே படிந்த கறையைக் கரைக்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். ஊறப்போட்டு மறந்துவிடாதீர்கள். புளிப்பு நாகத்தையும் கரைத்துவிடும், பித்தளை திட்டுத் திட்டாகச் செம்பு நிறம் காட்டும். தேய்த்த கையோடு கழுவி, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். கடற்காற்று சும்மா இருக்காது.

மரச் சாமான்களில் ஒரு சேதி எனக்கு எப்போதும் பிடிக்கும். கதிரை, மேசை, அலுமாரி, ஜன்னல், விறாந்தை என்று ஹோலில் நாம் சொல்லும் பெயர்களில் பாதி போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. பாரம்பரியம் என்பது எங்கிருந்தோ வந்து நம்மோடு பழகிப்போனதையும் சேர்த்துத்தான். ஆகவே வாப்பாவின் பிரம்புக் கதிரையைக் கொல்லைக்குத் தள்ளாதீர்கள். பிரம்பு அறுந்திருந்தால் பின்னிக்கொள்ளலாம், சட்டம் உறுதியா என்று மட்டும் பாருங்கள். பழைய அலுமாரி முதிரையாக இருந்தால் அதற்குப் பெயின்ட் அடிப்பது பாவம். மெழுகு தேய்த்தால் அந்த மரத்தின் பொன்னிறம் மேலே வரும். கறையானுக்காகச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். 2024 நவம்பர் வெள்ளத்தை மறந்தவர் எங்கள் ஊரில் இல்லை. குர்ஆனும் கிதாபுகளும் காணி உறுதியும் இருக்கும் தட்டு, தண்ணீர் வந்த அளவுக்கு மேலே இருக்க வேண்டும்.

தரை பழைய சிவப்புச் சீமெந்தாக இருந்தால் அதன்மேல் மாபிள் பதிக்குமுன் ஒரு கிழமை பொறுங்கள். நன்றாகக் கழுவிக் காயவிட்டு, சிவப்பு மெழுகைப் பூசி, பாதிப் பொச்சுமட்டையைக் காலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சின்ன வயதில் பெருநாளுக்கு முந்திய நாள் பிள்ளைகள் எங்களுக்கு அதுதான் வேலை. முகம் தெரியும் தரை. அதன்மேல் ஒரு பன்பாய் விரித்தால் ஆத்தங்குடியைத் தேடிப் போக வேண்டாம்.

கடைசியாக விளக்கு. இத்தனையும் செய்துவிட்டு நடுக்கூரையில் நீல வெள்ளைக் குழல் விளக்கைப் போட்டால் பாயின் சிவப்பும் பித்தளையின் மஞ்சளும் சாம்பலாகிவிடும். பல்ப் பெட்டியில் 2700 அல்லது 3000 கே என்று அச்சிட்டதை வாங்கி, ஓரத்தில் ஒன்றும் வாசலுக்கு அருகில் ஒன்றுமாகப் போடுங்கள். ஓதுவதற்கும் பிள்ளைகள் படிப்பதற்கும் வெள்ளை விளக்கு தனியே இருக்கட்டும்.

ராத்தா மகளின் வீட்டுக்கு ஆறு அடிக்கு நாலு அடியில் ஒரு பாய் சொல்லி இழைப்பித்தோம். அளவைச் சொல்லும்போது நடக்க இரண்டு பக்கமும் இடம் விட்டு அளந்துகொள்ளுங்கள். நிறங்களைத் துணித்துண்டு காட்டிச் சொல்லுங்கள். திரையும் பாயும் ஒத்துப்போகும். விலையைக் கேட்டதும் கடையில் விற்கும் பிளாஸ்டிக் பாயோடு ஒப்பிட்டுப் பேரம் பேசாதீர்கள். பன் அறுத்த நாள், காயவைத்த நாள், சாயம் அவித்த நாள் எல்லாம் அந்த விலைக்குள் இருக்கின்றன. எங்களுக்கு இழைத்துத் தந்த பெண் பாயைச் சுருட்டிக் கொடுக்குமுன் ஒருமுறை விரித்து, உள்ளங்கையால் விளிம்பு முழுவதையும் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் ஒரு நுனி மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் தந்தார்.