நிலையும் இயக்கமும்: கைவழி கற்கும் ஆற்றல்

ஏழாம் வகுப்பில் பயிலும் நம் உறவுச் சிறுவன் ஒருவனிடம், 'நிலையாற்றல் என்பது யாது?' என ஒருநாள் வினவினோம். 'அசையாமல் நிலையாக இருக்கும் பொருளின் ஆற்றல்' என்று தயங்காது விடை பகர்ந்தான். தரையில் கிடந்த கூழாங்கல்லைச் சுட்டி, 'இதற்கு அவ்வாற்றல் உண்டா?' என்றோம். 'உண்டு, அது அசையவில்லையே!' என்றான். பிழை அவனுடையதன்று, சொல்லைக் கற்பித்துப் பொருளைக் காட்டாது விட்ட நம்முடையதே.

'நிலை' என்னும் சொல் அசையாமையையும் குறிக்கும். இருக்கும் இடத்தையும் தன்மையையும் குறிக்கும். அறிவியல் கொள்வது பின்னதையே. உயர்த்தப்படுதல், முறுக்கப்படுதல், வளைக்கப்படுதல் ஆகியவற்றால் ஒரு பொருளில் சேமிக்கப்பெறுவது நிலையாற்றல். இயங்கும் பொருளுக்கு வேகத்தால் வாய்ப்பது இயக்க ஆற்றல். ஒரு கிலோகிராம் பொருளை ஒரு மீட்டர் உயர்த்தினால், அதில் ஏறத்தாழ 9.8 ஜூல் ஆற்றல் சேர்கின்றது.

இதனைச் சிறார் கைகளே உணர இரு செய்முறைகள் போதும்.

முதலாவது, தட்டில் குழைத்த களிமண்ணைப் பரப்பி, ஒரே கோலிக்குண்டை 20, 40, 80 செ.மீ. உயரங்களிலிருந்து விடச் செய்தல். உயரம் கூடக்கூடப் பள்ளமும் பெரிதாகும். 80 செ.மீ. உயரத்திலிருந்து விழும் கோலியின் வேகம், 20 செ.மீ. உயரத்திலிருந்து விழுவதைப் போல் இரு மடங்கே. ஆற்றலோ நான்கு மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது என்பதே காரணம். ஹாலந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்கிராவசாண்டே, 1722இல் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் விழச் செய்து கண்ட உண்மையும் இதுவே.

இரண்டாவது, நூல் தீர்ந்த கட்டை வண்டி. கட்டையின் துளைவழி ரப்பர் வளையத்தைச் செலுத்தி, ஒரு புறம் தீக்குச்சித் துண்டால் நிறுத்துக. மறுபுறம், துளையிட்ட மெழுகுவில்லை வழியே வளையத்தை இழுத்து, நீண்ட குச்சியில் மாட்டுக. குச்சியைச் சுழற்றி முறுக்கேற்றித் தரையில் வைத்தால் வண்டி ஊர்ந்து செல்லும். பத்துச் சுற்றுக்கு எத்துணைத் தொலைவு, இருபதுக்கு எத்துணை என்று சிறாரே அளந்து எழுதட்டும். வண்டி நின்றபின், 'ஆற்றல் எங்கே போயிற்று?' எனக் கேளுங்கள். உராய்வால் வெப்பமாயிற்று, அழியவில்லை என்னும் பேருண்மை அவ்வினாவில் பிறக்கும்.

இவற்றைச் செய்து முடித்த சிறுவனிடம் அதே கூழாங்கல்லை மீண்டும் காட்டினோம். அதை எடுத்து மேசை விளிம்பில் வைத்துவிட்டு, 'தரையை நோக்க, இப்போதுதான் இதற்கு ஆற்றல் உண்டு, விழ இடமிருக்கிறதே!' என்றான்.

தாய்மொழிக் கலைச்சொல் அறிவின் வாயில். ஆயினும் வாயிலைக் காட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. களிமண்ணும் கோலியும் நூற்கட்டையும் எளியோர் இல்லத்திலும் கிட்டுவன. ஆசிரியரும் பெற்றோரும் ஒரு மாலைப்பொழுதை ஈந்தால், மனப்பாடம் மெய்யறிவாக மலரும் என்பது நம் துணிபு.