டிரில் பீரியடில் செருப்புக்குக் காவலா?

விருத்தாசலம் (நமது நிருபர்)

மணி அடிக்கிறது. டிரில் பீரியடு. "ஹோ"வென்று கத்திக்கொண்டு பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடுகின்றன. ஒரே ஒரு பிள்ளை மட்டும் வேப்பமரத்தடியில். கால் சூம்பிய பிள்ளை. அதன் முன்னால் வகுப்பு மொத்தத்தின் செருப்பும் பையும். "நீ இங்கேயே உட்காரு, எல்லாத்தையும் பாத்துக்க!" இதுதான் அதற்குக் கிடைத்த விளையாட்டு!

இது எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்க வேண்டாம். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவன் இருந்திருப்பான். யோசித்துப் பாருங்கள், முகம் ஞாபகம் வரும்.

நம்ம ஊர் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளையைப் பிரிக்கும்போது அகல் விளக்கிலோ கொலு பொம்மையிலோ கீறல் தெரிந்தால் தனியே ஒதுக்கிவிடுவார்கள். பொம்மைக்கு அது சரி. பிள்ளைக்கு?

ஒப்புக்குச் சப்பாணி

தெருப் பிள்ளைகள் இந்த விஷயத்தில் பெரியவர்களைவிட ஒரு படி மேல். கிளித்தட்டோ, கல்லா மண்ணாவோ, ஓட முடியாத பிள்ளை வந்து நின்றால் "ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வார்கள். அவனைத் தொட்டாலும் அவுட் கிடையாது. பேர் நல்ல பேர் இல்லைதான். ஆனாலும் ஆட்டத்துக்குள்ளே ஒரு இடம் இருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் அதுகூட இல்லை!

சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16-வது பிரிவு. அரசு நிதி பெறும் பள்ளியோ, அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, பாகுபாடு இல்லாமல் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பும் கொடுத்தாக வேண்டும். 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுதான் கணக்கு. இதில் 21 வகை.

வாத்தியார் என்ன செய்வார்?

பி.டி. வாத்தியாரைத் திட்டுவது சுலபம். அவர் படித்த படிப்பு என்ன? அந்தக் காலத்தில் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள்தான் பள்ளிகளில் டிரில் எடுத்தார்கள். 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தார். ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். அதற்கப்புறம்தான் இது ஒரு படிப்பு என்றே ஆனது. 100 வருஷம் தாண்டியும் லெப்ட்-ரைட் வாசனை முழுசாகப் போகவில்லை. 400 மீட்டர் டிராக் போடத் தெரியும், கபடிக்கு விசில் ஊதத் தெரியும். ஜெயிக்கிற பையனைக் கண்டுபிடிக்கும் கண் வந்துவிடும். மரத்தடியில் இருப்பவனைப் பார்க்கும் கண் வருவதில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி உடற்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் என்பது 6 முதல் 8 வகுப்புக்குத்தான். அதுவும் 100 பிள்ளைக்கு மேல் இருந்தால்! தமிழ்நாட்டில் 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தொழில்கல்வி என்று 16,000-க்கு மேற்பட்டவர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தது இந்தக் கணக்கில்தான். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கும் அங்கன்வாடிப் பிள்ளைக்கும் பி.டி. வாத்தியாரே கிடையாது. ஓடவும், குதிக்கவும், பந்தைப் பிடிக்கவும் கை கால் பழகுகிற வயசே அதுதான்!

சேவையோடு படிப்பு

இதற்கு ஒரு வழி இருக்கிறது. வெளிநாடுகளில், குறிப்பாக ஸ்பெயின், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடத்துகிறார்கள். உடற்கல்வி படிக்கும் மாணவர்கள் வாரா வாரம் சின்னப் பிள்ளைகளிடம் போக வேண்டும். குறை உள்ள பிள்ளை, இல்லாத பிள்ளை எல்லோரையும் ஒரே கூட்டமாக வைத்து ஆட்டம் நடத்த வேண்டும். எது பலித்தது, எது சொதப்பியது என்று எழுதி வாத்தியாரிடம் காட்ட வேண்டும். அதற்கு மார்க்கும் உண்டு. என்.எஸ்.எஸ். முகாம் மாதிரி சில நாள் கூட்டிப் பெருக்கிவிட்டு வருகிற சமாச்சாரம் அல்ல.

போன முதல் நாளே பயிற்சி மாணவருக்குப் பாதி கர்வம் இறங்கிவிடும். கையில் இருக்கும் விசில் காது கேளாத பிள்ளைக்கு வெறும் காற்று! கலர் கைக்குட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பார்வை இல்லாத பிள்ளைக்குப் பந்து எங்கே வருகிறது என்று தெரியாது. பந்தை மொறமொறப்பான உறையில் சுற்றிக் கட்டினால் உருளும்போது சலசலவென்று சத்தம் வரும். (பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு 2019-ல் இருந்தே தடை. பழைய பிஸ்கட் உறை போதும்.) கை வேகம் இல்லாத பிள்ளைக்குப் பந்துக்குப் பதில் பலூன். அது மெதுவாக இறங்கும், பிடித்துவிடலாம். நொண்டி ஆட்டத்தில் பாருங்கள், துரத்திப் பிடிக்கிறவருக்கு ஒரே கால்தான்!

ஆனால் ஜாக்கிரதையும் வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்து எலும்பு பலமாக இருக்காது. டாக்டரைக் கேட்காமல் கர்ணம் அடிக்கச் சொன்னால் விபரீதம்! வலிப்பு வரும் பிள்ளையைத் தனியாக உயரத்தில் ஏற விடக் கூடாது. இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கும். பிள்ளை பக்கத்தில் நின்றால்தான் மண்டையில் ஏறும்.

வெளிநாட்டுக்கு எதற்குப் போக வேண்டும்? கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா வளாகத்தில் விவேகானந்தா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விப் பிரிவு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற உடற்கல்வி அந்தப் பிரிவின் பேரிலேயே சேர்ந்திருக்கிறது. சிறப்புக் கல்விக்கான பிரிவும் அதே வளாகத்தில். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பு 2 முதல் 7 வயசுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு விளையாட்டுத் திட்டம் வைத்திருக்கிறது. அதில் குறை இல்லாத பிள்ளைகளும் கூடவே ஆடலாம்.

சேலத்துப் பையன்

நம்ம ஜங்ஷனில் சேலம் ரயில் ஏறினால் போய்ச் சேருகிற ஜில்லாவில் பெரியவடகம்பட்டி என்ற ஊர். அங்கே 5 வயசில் ஒரு பையனின் வலது காலில் பஸ் ஏறியது. பள்ளிக்கூட பி.டி. வாத்தியார் அவனை மரத்தடியில் உட்கார வைக்கவில்லை. உயரம் தாண்டச் சொன்னார். 14 வயசில், குறை இல்லாத பையன்களோடு போட்டி போட்டு இரண்டாவதாக வந்தான். அவர்தான் மாரியப்பன் தங்கவேலு! 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிசில் வெண்கலம்.

எல்லாப் பிள்ளையும் மாரியப்பன் ஆக வேண்டியதில்லை. பீரியடு முடியும்போது சட்டையில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தால் போதும்.

பக்கத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை இருக்கிறது. அங்கே படிக்கிறவர்களை வாரம் ஒரு நாள் விருத்தாசலம் தொடக்கப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் அனுப்பினால் என்ன? வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் கூட நின்றால், எந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒரு நாள் வந்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு, "செய்தி போடுங்க சார்" என்று வருகிற கதையாக மட்டும் ஆகிவிடக் கூடாது. அந்த மாதிரி போட்டோ நம் ஆபீசில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது!

அதுவரை? பிள்ளையை மரத்தடியில் உட்கார வைத்தால், பெற்றவர்கள் முதலில் ஹெட்மாஸ்டரிடம் 16-வது பிரிவைச் சொல்லிக் கேட்கலாம். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை குறை தீர்க்கும் நாளில் கடலூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம். மனுவை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.