யாருடைய சிரிப்பு? - ரோம் நகரக் கார்னிவலை முன்வைத்து

ராபலே பற்றிய பக்தினின் நூலை முதன்முறை படித்தபோது எனக்கு ஏற்பட்ட கிளர்ச்சியை இப்போதும் மறுக்கமாட்டேன். கார்னிவலில் மேடை கிடையாது, பார்வையாளன் கிடையாது, எல்லோரும் அதற்குள் வாழ்கிறார்கள், மேலிருப்பது கீழாகிறது, தின்று, குடித்து, கழிக்கிற உடல் புனிதத்தைக் கேலி செய்கிறது. கைதாகிக் கஜகஸ்தானுக்கு அனுப்பப்பட்ட ஒரு மனிதர், ஸ்டாலின் காலத்தில் உட்கார்ந்து சிரிப்பைப் பற்றி எழுதினார் என்பதே ஒரு கலகம். நூல் அச்சேறியது 1965இல்தான். நானும் கூட்டங்களில் 'கார்னிவல்' என்ற சொல்லைத் தாராளமாக வீசியிருக்கிறேன். ஒருமுறை தோழர் ஒருவர் குறுக்கிட்டார்: "அதெல்லாம் சரி தோழர், அந்தத் திருவிழாவுல யாரு யாரப் பாத்துச் சிரிச்சாங்க?" என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் ரோம் கார்னிவலின் வரலாற்றுக்குள் போனேன்.

முதலில் சோற்றுக் கணக்கு. சாம்பல் புதனன்று தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர்வரை இறைச்சி கூடாது என்பது அன்றைய விதி. பழைய ஒழுங்கில் முட்டையும் கொழுப்பும்கூடக் கூடாது. ஆகவே வீட்டில் இருப்பதை அதற்குள் தீர்த்தாக வேண்டும். ரோமின் கார்னிவல் பலகாரங்கள் இந்தக் கணக்கில் பிறந்தவை. முட்டை சேர்த்துப் பிசைந்த மாவை நாடா நாடாக வெட்டிப் பன்றிக் கொழுப்பில் பொரித்துச் சர்க்கரை தூவினால் 'ஃப்ராப்பே'. கஷ்கொட்டை அளவில் உருட்டிப் பொரித்தால் 'கஸ்தஞோலே'. கடைசி நாளுக்குப் பெயரே 'கொழுத்த செவ்வாய்'. நாளைய பட்டினிக்கு முந்தைய நிறைவயிறு. பக்தினின் உடல் இதுதான்.

இனி வீதிக்கு வருவோம். பழங்கால எண்ணெய்ச் சாடிகளின் ஓடுகள் குவிந்தே உருவான டெஸ்டாச்சோ குன்றில்தான் முன்பு விளையாட்டுகள் நடந்தன. பன்றிகளை வண்டியில் ஏற்றிச் சரிவில் உருட்டிவிடுவார்கள். 1466இல் போப் இரண்டாம் பவுல் பந்தயங்களை நகர நடுவுக்குக் கொண்டுவந்தார். பந்தயம் ஓடிய வீதிக்கு 'கோர்ஸோ', அதாவது ஓட்டம், என்றே பெயர் நிலைத்தது. ஓட்டம் முடியும் இடத்தில் போப்பின் மாளிகை. ஆக, 'மக்கள் விழா'வின் பாதையை வகுத்தது அதிகாரம். சன்னலில் நின்று பார்த்ததும் அதுவே.

யார் யார் ஓடினார்கள்? சிறுவர்கள், இளைஞர்கள், கிழவர்கள், கழுதைகள், எருமைகள், யூதர்கள். தொடக்கத்தில் பல பந்தயங்களில் ஒன்றாக இருந்த யூதர் ஓட்டம் போகப்போக அவமதிப்பாகவே மாறியது. 1581இல் ரோமில் இருந்த மோந்தேன், யூதர்களும் அம்மணக் கிழவர்களும் கோர்ஸோவில் ஓடுவதைத் தன் பயணக் குறிப்பில் பதிந்திருக்கிறார். ஓட முடியாமல் தள்ளாட வேண்டும் என்பதற்காகவே முன்கூட்டி அவர்களை வயிறு முட்டத் தின்னவைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. இருபுறமும் கூட்டம், வசை, சேறு, சிரிப்பு.

இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நிறைந்த வயிறு, திறந்த உடல், விழுந்து புரளுதல். பக்தின் விடுதலையின் குறிகளாக வாசித்த அதே குறிகள்தாம் இங்கே தண்டனையாக இருக்கின்றன. குறிகளில் விடுதலை ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. தானாகத் தின்பவனுக்கும் தின்னவைக்கப்படுபவனுக்கும் நடுவில்தான் அரசியல் இருக்கிறது.

செலவும் அவர்கள் தலையில்தான். கார்னிவல் விளையாட்டுகளுக்காக யூதச் சமூகம் 1130 ஃப்ளோரின் வரி கட்டியது. அதில் அந்த 30, யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசின் நினைவாகச் சேர்க்கப்பட்டது. தன்னை அவமதிக்கும் விழாவுக்குத் தானே மொய் எழுத வேண்டும்! 1668இல் போப் ஒன்பதாம் கிளமெண்ட் ஓட்டத்தை நிறுத்தினார். பதிலுக்கு ஆண்டுதோறும் 300 ஸ்கூடி கட்டச் சொன்னார். கார்னிவல் தொடக்கத்தில் சமூகத் தலைவர்கள் கபிதோலியக் குன்றுக்குப் போய்ப் பணிவு தெரிவிக்கும் சடங்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீடித்தது.

1788இல் கதே பார்த்தது இந்த ஓட்டம் நின்று 120 ஆண்டுகள் கழிந்த கார்னிவலை. அவர் கண்டது, ஆளில்லாக் குதிரைகளின் பந்தயம். கடைசி இரவில் ஆளாளுக்கு மெழுகுத்திரி ஏந்தி, திரி இல்லாதவன் சாகட்டும் என்று கத்தியபடி அடுத்தவர் சுடரை ஊதி அணைக்கும் ஆட்டம். மகன் தகப்பனின் சுடரை அணைத்து அவனுக்கும் சாவு கூறுகிறான். இதைக் கதே 1789இல் எழுதினார். பக்தின் இந்த எழுத்தைப் பெரிதும் கொண்டாடுகிறார். சாவும் வாழ்த்தும் ஒன்றாகும் அந்தச் சுடர் அழகானதுதான். ஆனால் அந்த வீதியின் கல்லுக்கு இன்னொரு நினைவும் உண்டு.

மறுபடி சமையலுக்கு வருகிறேன். 1555இல் போப் நான்காம் பவுல் யூதர்களைத் திபேர் ஆற்றோரத்தில் மதிலுக்குள் அடைத்தார். இரவில் கதவு பூட்டப்படும். பழந்துணி வியாபாரம் போன்ற சிலதே அனுமதி. பன்றிக் கொழுப்பு விலக்கு என்பதால் அவர்கள் ஆலிவ் எண்ணெயில் பொரித்தார்கள். ஆர்டிசோக் மொட்டை முழுசாகப் பூவாக விரியப் பொரித்தது இன்று 'யூத பாணி ஆர்டிசோக்' என்ற பெயரில் ரோமின் பெருமை. மதில் 1848இல் இடிந்தது. போப்பின் ஆட்சி 1870இல் முடிந்தபின்தான் முழு விடுதலை. ஒரே நகரத்தில் இரண்டு வாணலி. ஒன்று ஊர் கூடிக் கொண்டாடியது; மற்றது பூட்டிய கதவுக்குப் பின்னால் கொதித்தது. இன்று பயணிக்கு இரண்டும் ருசிதான். ருசிக்கு வரலாறு தெரியாது. நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதனால் பக்தினைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல வரவில்லை. அவர் ஒரு கனவை எழுதினார். வதைபட்ட காலத்துக்கு அந்தக் கனவு தேவைப்பட்டது. ஆனால் கனவை வரலாறாக வாசித்தது நாம்தான். சிரிப்பு மேல்நோக்கிப் போகிறதா, கீழ்நோக்கி விழுகிறதா, வரி யார் கட்டுகிறார்கள், ஓடாமல் இருக்க யாருக்கு உரிமை இல்லை என்று கேட்காமல் எந்தத் திருவிழாவையும் கலகம் என்று அழைப்பதை நான் நிறுத்திக்கொண்டேன். கோர்ஸோவில் ஓடியவனுக்கும் அது திருவிழா நாள்தான் தோழர். அவன் மட்டும் சிரிக்கவில்லை.